மீன் பாடல்லையா, நாம கேட்கல்லையா?

நம்மட குழுவில ஒருத்திக்கு அண்ணன் முறையான ஒருத்தர் சுவிஸில இருக்கிறார். பெரியம்மாட மகன். ஒரு மலையூர் ஹோட்டலில குசினி வேலை. போன புதுசில பனியைக் கண்டாலே எரிச்சல் என்று சொன்ன மனிசன், இப்ப மார்கழி பிறந்தா வட்ஸ்அப்பில குரல் பதிவு அனுப்பத் தொடங்கிடுவார். பனிச்சறுக்குப் பழகிட்டார். அவர் சொல்றதில பாதி நமக்கு விளங்காது. ஆனா கேட்கக் கேட்க ஒன்று மட்டும் விளங்கிச்சு: பனி என்றால் எல்லாம் ஒரே பனி இல்லை.

தை மாசம் என்றால் வடக்குப் பார்த்த சரிவுக்குப் போகணுமாம். வெயில் அவ்வளவு படாததால புதுப்பனி அங்க மா மாதிரி உதிரியா நாள்கணக்கில கிடக்கும். பங்குனி, சித்திரை என்றால் கணக்கு மாறும். இரவில உறைஞ்சு கல்லாகிற பனி, காலை வெயிலில மேலால மட்டும் இளகும். அந்த நேரம்தான் சறுக்க நல்லது. கிழக்குச் சரிவு முதலில இளகும், மறுகா தெற்கு, பின்னேரம் மேற்கு. முந்திப் போனா வழுக்கும், பிந்திப் போனா சேறு மாதிரி. காத்து எந்தப் பக்கத்தால அடிச்சது என்றும் பார்க்கணும். ஒரு பக்கத்தில வாரி எடுத்த பனியை அது மறுபக்கத்தில குவிச்சு வைக்கும். அது சரிஞ்சா ஆளையே மூடிடும்.

நம்மட ஆள் சும்மா இருக்காம, "அண்ணா, இது நம்மட வாவிக் கணக்கு மாதிரியெல்லோ இருக்கு" என்று பதில் போட்டாள். உடனே அங்கிருந்து கேள்வி வந்தது: "அப்ப சொல்லு, மீன் பாடுறது எந்த மாசம் நல்லாக் கேட்கும்? எந்த இடம்? எத்தனை மணிக்கு?"

குழுவில பதினொரு பேர். பதினொரு பேரும் மட்டக்களப்பார். ஒருத்தராலயும் பதில் சொல்ல முடியல்ல. அதைவிட வெட்கம், பதினொரு பேரில ஒருத்தர்கூட அதுவரை கேட்டதே இல்லை.

இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில இருந்துதான் தொடங்குது.

எங்கும் மீன், எதிலும் மீன்

"மீன்பாடும் தேன்நாடு" என்று சொல்லாத மேடை நம்மட ஊரில உண்டா? பாடசாலை விழா வரவேற்புரையில வரும். விளையாட்டுக் கழக ரி-சேர்ட்டில வரும். கலியாண மண்டப வாழ்த்துப் பாவில வரும். கொழும்பில இருந்து மட்டக்களப்புக்கு வாற ஒரு ரயிலுக்குப் பேரே "மீனகயா". வெளியூர்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில நம்மளைச் சந்திச்ச உடனே கேட்கிற முதல் கேள்வியும் அதுதான்: "உண்மையா மீன் பாடுமா?" நாம சிரிச்சுக்கொண்டே "ஓம், பறுவத்தில கல்லடிப் பாலத்தில நிண்டா கேட்கும்" என்று சொல்லிடுவம். யாரோ நமக்குச் சொன்னதை நாம இன்னொருத்தருக்குச் சொல்றம். அவ்வளவுதான்.

ஒரு ஊர் தன்ட பெயரோட சேர்த்து வைச்சிருக்கிற ஒன்றை, அந்த ஊரில ஒரு தலைமுறையே கேட்டதில்லை என்றால் அதுக்கு இரண்டு காரணம்தான் இருக்கலாம். ஒன்று, மீன் பாடுறதை விட்டுட்டுது. மற்றது, நாம கேட்கிறதை விட்டுட்டம். முதலாவதைச் சொல்றது லேசு. பழியை மீன் சுமக்கும். ஆனா இரண்டாவதை ஒழுங்காச் செய்து பார்க்காம முதலாவதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்பதுதான் எங்கட வாதம்.

1848இல மீனவர் சொன்ன கணக்கு

மீன் பாட்டைப் பற்றி எழுத்தில இருக்கிற பழைய விவரமான குறிப்புகளில ஒன்று ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் எழுதினது. 1845இல இருந்து 1850 வரை இலங்கையில குடியேற்ற நாட்டுச் செயலாளரா இருந்த ஆள். 1848 செப்ரெம்பரில மட்டக்களப்புக்கு வந்தவர், இங்க நடந்ததை 1859இல வந்த தன்ட இலங்கை பற்றிய புத்தகத்தில எழுதி வைச்சார்.

அந்தப் பகுதியை நாம முதலில ஒரு வெள்ளைக்காரர்ட அனுபவமாத்தான் வாசிச்சம். இரண்டாம் தரம் வாசிக்கேக்கதான் தெரிஞ்சது, அதில இருக்கிற முக்கியமான தகவல் ஒவ்வொன்றும் நம்மட மீனவர் சொன்னது. அவர் ஆட்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். அவங்க, இது எங்கட தகப்பன்மார் காலத்தில இருந்தே தெரிஞ்ச விசயம் என்று சொல்றாங்க. எந்த இடத்தில கேட்கும் என்று காட்டுறாங்க. வறண்ட காலத்தில மட்டும்தான் கேட்கும், மழை வெள்ளம் வாவிக்குள்ள இறங்கினா நிண்டுடும் என்றும் சொல்றாங்க. பறுவத்துக்குக் கிட்டின இரவுகளில தெளிவாக் கேட்குமாம். இது மீன் இல்லை, ஒரு வகை ஊரி என்றும் சொல்லி, 'அழுகிற ஊரி' என்ற கருத்தில அதுக்கு ஒரு பெயரும் சொல்றாங்க.

நிலவு ஏறின பிறகு தோணியில கொண்டு போறாங்க. கோட்டை வாசல் துறையில இருந்து வடகிழக்கால சுமார் 200 யார். காத்து அசைவே இல்லாத இரவு. அந்த இடத்தில அவர் கேட்கிறார். ஒரே நீளமான ஓசை இல்லை, எண்ணிக்கையில்லாத சின்னச் சின்ன ஓசைகள், மெல்லியதும் தடித்ததும் கலந்து. தோணிப் பலகையில காதை வைச்சா இன்னும் பெரிசாக் கேட்கிறது. தோணி நகர நகர ஓசை மாறுது. கொஞ்சம் தள்ளினா ஒன்றுமே இல்லை. திரும்பி அதே இடத்துக்கு வந்தா மறுபடி கேட்கிறது.

இதில எத்தனை நிபந்தனை இருக்கு என்று எண்ணிப் பாருங்க. மாசம், நிலவு, காத்து, இடம், காதை எங்க வைக்கிறது. சுவிஸ் அண்ணன் பனிக்குச் சொன்ன கணக்குக்கு இது ஒரு பொட்டும் குறைவில்லை. அந்தக் கணக்கைச் சொன்ன மனிசர்ட பெயர் ஒன்றுகூட அந்தப் புத்தகத்தில இல்லை. சொன்னது நாம, எழுதினது அவர், பெயர் அவருக்கு. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் எழுதாட்டி அதுவும் இல்லை. நம்மட பக்கத்தில அதை எழுதி வைக்கிற பழக்கம் ஏன் வரல்ல என்பதுதான் கேள்வி.

எழுதினவரும் இருக்கார்தான். காரைதீவில பிறந்து கல்லடியில அடக்கமாகியிருக்கிற சுவாமி விபுலானந்தர் இந்த வாவியின் ஓசையை நீரரமகளிரின் இசையாகப் பாடினார். தமிழிசையின் பழைய கருவிகளை ஆராய்ந்த யாழ் நூலை 1947இல தந்தவருக்குப் பக்கத்து வாவியின் இசை காதில விழுந்ததில ஆச்சரியமில்லை. ஆனா நாம அவர்ட சிலைக்கு மாலை போடுறம், பாட்டை மனனம் செய்து போட்டியில ஒப்பிக்கிறம். அவர் காது கொடுத்த வாவிக்குக் காது கொடுக்கிறம் இல்லை.

மாசக் கணக்கு

இனி நாங்க விசாரிச்சுச் சேர்த்ததைச் சொல்றம். எழுவான்கரையிலயும் படுவான்கரையிலயும் வாவியில தொழில் செய்ற வயசான ஆட்கள், குருமண்வெளித் துறையடியில நிக்கிறவங்க, பாலமீன்மடுப் பக்கத்து ஆட்கள் என்று பலரிட்ட கேட்டம். எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லல்ல. எல்லாருக்கும் பொதுவா வந்ததை மட்டும் இங்க வைக்கிறம்.

முதலில வாவியை விளங்கணும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலோட சேர்ற வாய் இரண்டு. ஒன்று பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம், மற்றது தெற்கே கல்லாறு. கார்த்திகை, மார்கழி மழையில படுவான்கரை வயல்வெளித் தண்ணி எல்லாம் வந்து இறங்க, வாவி நிரம்பி மணலை உடைச்சுக்கொண்டு கடலுக்குப் போகும். வெள்ளம் ஊருக்குள்ள ஏறுற வருசங்களில ஆட்களே வாயை வெட்டி விடுவாங்க. கோடை வர மணல் கட்டி வாய் மூடும். அப்ப வாவி குளம் மாதிரிக் கிடக்கும். 1848இல மீனவர் சொன்ன "வறண்ட காலம்" இதுதான்.

மாசி, பங்குனி: அவசரப்பட வேண்டாம். தண்ணி இன்னும் கலங்கல். வெள்ளத் தண்ணியும் கடல் தண்ணியும் சண்டை பிடிச்சு முடியல்ல.

சித்திரை: தொடக்கம். ஆனா பின்னேர இடிமழை ஏமாத்தும். மழை பெய்ஞ்ச இரவில போய்ப் பயனில்லை. இரண்டு மூன்று நாள் வெயில் எறிச்ச பிறகு பார்க்கலாம்.

வைகாசி: வாவி தயார், ஊர்தான் தயாரில்லை. கண்ணகை அம்மன் சடங்குக் காலம். குளிர்த்தி நடக்கிற அதே பறுவம்தான் கேட்கவும் நல்ல பறுவம். ஒவ்வொரு கரையிலயும் ஒலிபெருக்கி. சடங்கை நிறுத்தச் சொல்ல நாம யாரு? நம்மட அம்மம்மாமாரும் அங்கதான் நிக்கிறாங்க. ஆனா ஒன்று: உடுக்கும் காவியமும் ஒலிபெருக்கி இல்லாமலே நூற்றாண்டுக் கணக்கா நடந்தவை. பாடி முடிச்ச பிறகும் விடியும்வரை சினிமாப் பாட்டுப் போடுறது அம்மன் கேட்டதில்லை.

ஆனி, ஆடி: கச்சான் காத்து. பகல் முழுக்கச் சூடா வீசி வாவியை நெளிய வைக்கும். முன்னிரவில போனா அலை பலகையில தட்டுற சத்தம்தான் கேட்கும். ஆட்கள் சொன்னது, இரண்டாம் சாமத்துக்குப் பிறகு காத்து விழும், அப்ப போங்க என்று. பனிச்சரிவில வடக்குப் பக்கம் தேடுற மாதிரி, இங்க காத்து மறைவான பக்கம் தேடணும்.

ஆவணி, புரட்டாதி: எல்லாரும் ஒரே வாயால சொன்ன மாசங்கள். வாய் மூடிக் கிடக்கும், தண்ணி இறங்கியிருக்கும், கச்சான் தணிஞ்சிருக்கும். டெனன்ட் வந்ததும் செப்ரெம்பர்தானே.

ஐப்பசி: முதல் பெருமழையோட முடிஞ்சது. மறுகா அடுத்த வருசம்.

பறுவத்தைப் பற்றி ஒரு சொல். பறுவத்தன்று நிலவு கிட்டத்தட்ட ஆறு மணிக்கே கிளம்பும். அன்றைக்குப் போயா விடுமுறை, பாலத்தில ஊர் முழுக்க நிக்கும், கச்சான் கொட்டை விற்கிறவர்ட மணி நிக்காது. அதனால பறுவத்துக்கு இரண்டு நாள் பிந்திப் போகச் சொன்னார் ஒரு ஐயா. நிலவு ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல பிந்தித்தான் வரும். ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு நிலவும் நீங்களும் மட்டும்.

எங்கட இரவுகள்

முதல் தரம் போனது மடைத்தனமான பயணம். போயா அன்றைக்கு, இருபது பேர், கல்லடிப் பாலம். 1924இல கட்டின பழைய பாலத்துக்கும் 2013இல திறந்த புதுப் பாலத்துக்கும் பக்கத்தில நிண்டம். பின்னால லொறி, முன்னால ஒரு சுற்றுலாப் படகு, அதில பாட்டு. நம்மட ஆட்களே ஐந்து நிமிசத்துக்கு ஒருக்காச் செல்பி. பத்தரைக்கு ஐஸ்கிறீம் குடிச்சிட்டு வீடு திரும்பினம். "மீன் பாடல்ல" என்று அன்றைக்கு ஸ்ரேற்றஸ் போட்டவங்களும் நாங்கதான்.

இரண்டாம் தரம் ஆவணியில, பறுவம் கழிஞ்சு இரண்டாம் நாள், நாலு பேர். வாவியில ஐம்பது வருசம் தொழில் செய்ற ஒரு ஐயா தன்ட தோணியில ஏத்தினார். ஏறேக்கயே சொன்னார், "மனே, போனைக் கரையில வைச்சிட்டு வாங்க. புள்ள, நீ அந்தக் கொலுசைக் கழட்டு."

ஒரு மணித்தியாலம் ஒன்றுமில்லை. காத்து இருந்தது. பன்னிரண்டு தாண்டக் காத்து விழுந்தது. ஐயா துடுப்பைத் தண்ணிக்குள்ள செங்குத்தா இறக்கி, மேல் முனையைக் காதோட வைச்சார். மறுகா எங்களிட்டத் தந்தார். இரண்டு பேருக்கு ஒன்றும் கேட்கல்ல. இரண்டு பேருக்குக் கேட்டது. ஒருத்தி, தூரத்தில யாரோ தம்புராக் கம்பியைத் தொட்டு விட்ட மாதிரி என்றாள். மற்றவன், தகரத்தில மழைத்துளி விழுற மாதிரி என்றான். தோணியைக் கொஞ்சம் நகர்த்தினதும் போயிட்டுது. திரும்பி வந்து தேடினம், மறுபடி கிடைக்கல்ல.

அது மீனா, ஊரியா, இரண்டு பேருடைய ஆசையா என்று கரைக்கு வாற வழியெல்லாம் சண்டை. ஐயா எதுவும் சொல்லல்ல. இறங்கேக்க மட்டும் சொன்னார்: "எங்கட அப்பாவோட போகேக்க இப்பிடித் தேடத் தேவையில்ல மனே. இஞ்சின் சத்தமில்ல, லைட் இல்ல. மறுகா சண்டைக் காலத்தில இருபது முப்பது வருசம் இரவில இறங்கப் பயம். பழக்கம் விட்டுப்போச்சு."

இந்தக் கடைசி வரி எங்களை விடல்ல. நம்மட அம்மா அப்பாமார் வாவிக் கரையில வளர்ந்தவங்க. ஆனா அவங்கட இளமையில இரவு என்பது கதவைச் சாத்தி விளக்கைத் தணிச்சு வைக்கிற நேரம். வாவிக்குள்ள இரவில ஒரு தோணி போனா அது யாருடைய தோணி என்று இரண்டு பக்கமும் கேட்ட காலம். அதுக்குப் பிறகு 2004 மார்கழி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருந்த நாவலடி மாதிரி ஊர்களில, வாவியைத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் ஒரு காலையில போனாங்க. மீனவத் தகப்பனிட்ட இருந்து பிள்ளைக்குப் போக வேண்டிய ஒரு கணக்கு, மீன் பாடினாலும் பாடாட்டியும், நடுவில அறுந்துட்டுது. நாங்க கேட்காததுக்கு நாங்க மட்டும் காரணமில்லை. ஆனா இனியும் கேட்காட்டி, அதுக்கு நாங்கதான் காரணம்.

மூன்று பதில், மூன்றும் வேண்டாம்

இதைப் பற்றிக் கதைச்சா மூன்று விதமான பதில் வரும்.

முதலாவது: "அது சும்மா கட்டுக்கதை." மீன் சத்தம் போடுறது கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில சொசலிட்டோ என்ற ஊரில படகு வீடுகளில இருந்தவங்க 1980களில இரவெல்லாம் ஒரு முனகல் சத்தத்தால நித்திரை கெட்டாங்க. மிசின் என்று சந்தேகப்பட்டாங்க. கடைசியில அது ஒரு மீன். இனப்பெருக்கக் காலத்தில ஆண் மீன் தன்ட காற்றுப்பையை ஒட்டின தசையை அதிர வைச்சு இரவு முழுக்கப் பெண் மீனைக் கூப்பிடுது. காரணம் தெரிஞ்ச பிறகு அந்த ஊர் அந்த மீனுக்கு விழாவே எடுத்தது. அதே மீன்தான் நம்மட வாவியில என்று நாம சொல்லல்ல. பருவம் பார்த்து, இரவு பார்த்து, இடம் பார்த்துச் சத்தம் போடுற உயிர்கள் உலகத்தில இருக்கு. நம்மட மீனவர் சொன்னதும் இதே கணக்குத்தான்.

இரண்டாவது: "அதெல்லாம் அந்தக் காலம். இப்ப வாவி செத்துட்டுது." இதைச் சொல்றவங்கட கவலை உண்மை. கண்டல் வெட்டினது, பொலித்தீன், கழிவு நீர், நிரவிக் கட்டின கரை, எல்லாம் கண்ணால பார்க்கிறம். ஆனா "செத்துட்டுது" என்று சொன்னா அதோட வேலை முடிஞ்சுது. செத்த வீட்டுக்கு ஒப்பாரி போதும், மருந்து தேவையில்லை. அந்தச் சோம்பேறித்தனமான துக்கத்தை நாங்க ஏற்கமாட்டம்.

மூன்றாவது, இப்ப நல்லா விலைபோற பதில்: "பாடும் மீன் படகுச் சவாரி." சுற்றுலாவுக்கு நாங்க எதிரி இல்லை. நம்மட வயசுப் பிள்ளைகளுக்கு வேலை வேணும். ஆனா இஞ்சின் படகில முப்பது பேரை ஏத்தி, காசு வாங்கி, "இன்றைக்குக் கேட்கும்" என்று உறுதி சொன்னா, அதில கேட்கப் போறது இஞ்சின் மட்டும்தான். பிறகு பொய் சொல்ல வேண்டி வரும், பொய்யை ஸ்பீக்கரில போட வேண்டி வரும். செய்றதென்றால் துடுப்புத் தோணியில, நாலு பேரோட, அந்த ஐயா மாதிரி ஆட்களுக்கு அன்றைய கூலிக்கு மேல கொடுத்து, "கேட்காமலும் போகலாம்" என்று முதலே சொல்லிச் செய்யலாம். சுவிஸில பனியை யாரும் உறுதி சொல்லி விற்கிறதில்லையாம். இன்றைக்கு எப்பிடி இருக்கு என்று சொல்றாங்க, போறதும் விடுறதும் உங்கட பாடு.

ஒரு கொப்பி

கடைசியா, அந்தச் சுவிஸ் கதையில எங்களை உண்மையில உறுத்தினது எது என்று சொல்றம். டாவோஸ் என்ற ஊரில பனிக்கும் பனிச்சரிவுக்கும் என்றே ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கு. குளிர்காலத்தில பின்னேரம் 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை விடுவாங்க. அதுக்கு மேல, 2500 மீற்றருக்கும் கூடின உயரத்தில வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில 1936இல இருந்து பனியை அளந்து எழுதிக்கொண்டு வாறாங்க. உலக யுத்த காலத்திலயும் எழுதினாங்க.

இதால என்ன பயன்? பனி குறையுது என்று இன்றைக்கு அவங்களால சொல்ல முடியுது. தாழ்வான மலைகளில பனி கிடக்கிற நாட்கள் குறைஞ்சதை எண்ணிக் காட்ட முடியுது. எழுதி வைச்சவனுக்குத்தான் இழந்தது எவ்வளவு என்று தெரியும். நமக்கு? டெனன்ட்ட ஒரு இரவு இருக்கு. விபுலானந்தரின் பாட்டு இருக்கு. நடுவில வாயால சொன்ன கதைகள் இருக்கு. வாவியில மீன் பாட்டுக் குறைஞ்சதா, இல்லையா, எந்தப் பக்கத்தில குறைஞ்சது, எப்ப இருந்து குறைஞ்சது என்று நாளைக்கு ஒரு அதிகாரி கேட்டா நாம நீட்ட ஒரு தாள் இல்லை. வாவியை நிரவ ஒரு திட்டம் வந்தா, "இங்க மீன் பாடும்" என்று பாட்டாகச் சொல்லலாம், சான்றாகச் சொல்ல ஏலாது.

அதனால நாங்க ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறம். சாதாரண 120 பக்கக் கொப்பி. சித்திரையில இருந்து ஐப்பசி முதல் மழை வரை, ஒவ்வொரு பறுவத்தையும் சுத்தி மூன்று இரவு. எழுத வேண்டியது ஏழு விசயம்: திகதி, நேரம், இடம், காத்து எந்தப் பக்கம், முகத்துவாரம் திறந்திருக்கா மூடியிருக்கா, கடைசியா மழை பெய்ஞ்சது எப்ப, கேட்டதா இல்லையா. "இல்லை" என்பதும் எழுதணும். "இல்லை" என்ற பக்கங்கள்தான் இருபது வருசத்துக்குப் பிறகு பெறுமதி. எட்டாவதா ஒரு வரி: அன்றைக்கு உங்களைக் கூட்டிப் போனவர், அல்லது வழி சொன்னவர், யார். அவர் சம்மதிச்சா பெயர். 1848இல விடுபட்டது இனி விடுபடக் கூடாது.

எல்லாரும் கல்லடியிலதான் நிக்கணும் என்றில்லை. ஏறாவூர்ப் பிள்ளைகள் ஏறாவூரில கேளுங்க. காத்தான்குடி நண்பர்கள் தங்கட வாவிக் கரையில கேளுங்க. 2014இல மண்முனைப் பாலம் வந்த பிறகு அந்தத் துறையடி இரவில எவ்வளவு அமைதி என்று போய்ப் பாருங்க. மண்டூர், அம்பிளாந்துறைப் பக்கம் இருக்கிறவங்க, உங்களுக்குத்தான் எங்களைவிட வாய்ப்புக் கூட. தனியாப் போகாதீங்க, வீட்டில சொல்லிட்டுப் போங்க, நீந்தத் தெரியாட்டி தோணியில ஏறாதீங்க. வந்தாறுமூலையில கிழக்குப் பல்கலைக்கழகத்தில படிக்கிற நம்மட ஆட்கள், தண்ணிக்குள்ள இறக்குற ஒலிவாங்கி ஒன்றை யாராவது விரிவுரையாளரிட்டக் கேட்டுப் பாருங்க. துடுப்பும் வேணும், கருவியும் வேணும். ஒன்று மற்றதைக் கேலி செய்யத் தேவையில்லை.

நாங்க நினைச்ச மாதிரி நடந்தா, பத்து வருசத்தில நம்மட கையில ஒரு பதில் இருக்கும். அது "மீன் பாடுது" என்றும் வரலாம், "பாடுறதை விட்டுட்டுது" என்றும் வரலாம். இரண்டாவது வந்தா வலிக்கும். ஆனா அது நாம காது கொடுத்துக் கண்டுபிடிச்ச வலியா இருக்கும், ஐஸ்கிறீம் குடிச்சிட்டுப் போட்ட ஸ்ரேற்றஸா இருக்காது.

சுவிஸ் அண்ணனுக்கு இப்போதைக்கு இவ்வளவுதான் பதில் போட்டிருக்கிறம்: "ஆவணி. பறுவம் கழிஞ்சு இரண்டாம் நாள். நள்ளிரவுக்குப் பிறகு. காத்து இல்லாட்டி. இரண்டு பேருக்குக் கேட்டது, இரண்டு பேருக்குக் கேட்கல்ல. லீவு கிடைச்சா வாங்க, கொப்பியில இடமிருக்கு."